யந்திரமூர்த்திக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவள் எழுதுவது

என் அருமை யந்திரமூர்த்திக்கு,

இப்படிக் கூப்பிட்டால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். வாயின் இடது ஓரம் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். அந்த ஓரத்தைப் பார்த்தே குடும்பம் நடத்தியவள் நான்.

முதலில் ஊர்ச் செய்தி. டெல்லியில் நம் மயூர் விஹாருக்கும் மெட்ரோ வந்துவிட்டது. தூண் எழும்பியதைத் தினமும் பால்கனியில் நின்று பார்த்தீர்கள், ரயிலைப் பார்க்காமல் போய்விட்டீர்கள். வண்டிக்குள் ஒரு பெண்குரல் எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. கதவை விட்டுத் தள்ளி நில்லுங்கள், அடுத்தது இன்ன ஸ்டேஷன், இந்தப் பக்கம் இறங்குங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும். நான் கூட வர வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இரண்டாவது செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் நடித்த 'யந்திரமூர்த்தி' நாடகத்தை மறுபடி மேடையேற்றுகிறார்கள். நாடக மலரில் உங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உங்களைப் பற்றி ஊருக்கு எழுதுவதைவிட உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுமைக்கு உங்களுக்குக் குறைவில்லை.

முதல் தடவை அந்த நாடகம் போட்டபோது நாம் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீங்கள் மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர். ஃபைலில் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள், வாயைத் திறந்தால் "ம்" மட்டும்தான் வரும். கல்யாண வீட்டுக்குப் போனால் "மாப்பிள்ளைக்குக் கை குடுங்க" என்று நான் காதருகே சொல்வேன், கை கொடுப்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் "இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க" என்பேன், கேட்பீர்கள். நான் சொல்லாமல் விட்டால் அப்படியே நிற்பீர்கள். என்னை "ஏளா" என்றுதான் கூப்பிடுவீர்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவது சகஜம். ஆனால் மற்ற வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெயரும் வரும்.

அந்தச் சமயத்தில்தான் ராமநாதன் சார் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். நாடகம் எழுதி இயக்கியவர் அவர். வீட்டு வேலைக்கென்று ஒரு விஞ்ஞானி செய்த இயந்திர மனிதன், வேலை பார்க்கும் வீட்டிலேயே மனிதனாக ஆசைப்படுகிறான், அதுதான் கதை. இயந்திரமாக நடிக்க இருந்தவருக்கு கௌஹாத்திக்கு மாற்றல் ஆகிவிட்டது. சார் வேறு யாரையோ விசாரிக்கத்தான் வந்தார். நீங்கள் கதவைத் திறந்து அவரைப் பார்த்தபடி நின்றீர்கள். சமையலறையிலிருந்து நான் "வாங்கன்னு சொல்லுங்க" என்றேன். "வாங்க" என்றீர்கள். "உக்காரச் சொல்லுங்க" என்றேன். "உக்காருங்க" என்றீர்கள்.

சார் உட்காரவே இல்லை. "சார், நீங்க நடிக்கவே வேண்டாம். இப்படியே வந்து மேடையில நின்னாப் போதும்" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்கதான் ப்ராம்ப்டர்" என்றார்.

நம் டெல்லி நாடகங்களில் யாரும் வசனம் மனப்பாடம் செய்வதில்லை என்பது ஊரறிந்த ரகசியம். ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து ஒத்திகைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. பக்கத் திரைக்குப் பின்னால் ஒருவர் ஸ்கிரிப்டோடு உட்கார்ந்து வரிவரியாக எடுத்துக் கொடுப்பார், மேடையில் இருப்பவர்கள் உருக்கமாகத் திருப்பிச் சொல்வார்கள். உங்களிடம் ஒரு சிக்கல் இருந்தது. என் குரலில் என்ன வந்தாலும் அதைச் சொல்லிவிடுவீர்கள். "இடது பக்கம் போங்க" என்று நான் கிசுகிசுத்தால், "இடது பக்கம் போங்க" என்று இயந்திரக் குரலில் அறிவித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

ஆனால் அந்த வேஷத்தை நீங்கள் எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே! ஆபீஸ் வேலைக்குக்கூட அப்படி மெனக்கெட்டதில்லை. சிரிப்பு வர வேண்டும் என்று பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தீர்கள். பக்கத்து வீட்டு சர்மா அம்மாள் ஓடி வந்து, "பாபிஜி, பாயிசாப் டீக் ஹைன் நா?" என்று கேட்டாள், உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குப் பயம். அழுகை வருவதற்காக வெங்காயம் உரித்தீர்கள். அந்த வாரம் முழுக்க நம் வீட்டில் வெங்காயச் சாம்பார். உங்கள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, என் கண்தான் எரிந்தது.

ஒத்திகை முடிந்து நடந்து வரும்போது ஒருநாள் நீங்களாகவே பேசினீர்கள்.

"ஏளா, இந்த யந்திரமூர்த்தி பாவம் பாத்துக்கோ. உள்ள எல்லாம் இருக்கு. வெளிய எடுக்கத்தான் தெரியல."

கொஞ்ச தூரம் போனதும், "கடைசி சீனுக்கு மட்டும் நீ சொல்லித் தர வேண்டாம். நானே சொல்லணும்" என்றீர்கள்.

கடைசிக் காட்சியில் விஞ்ஞானி இயந்திரத்தைப் பெட்டிக்குள் போகச் சொல்கிறார். போகுமுன் அது ஒரு பக்கத்துக்கு மனம் விட்டுப் பேச வேண்டும். ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் வாயை மூடிக்கொண்டேன், நீங்களும் மூடிக்கொண்டீர்கள். சாருக்குப் பொறுமை போய்விட்டது. "பேச்சை வெட்டிடறேன். பேசாமப் பெட்டிக்குள்ள போயிடுங்கோ, அது போதும்" என்றார். நீங்கள் "ம்" என்றீர்கள். அன்றைக்கு ராத்திரி தயிர்சாதத்தைத் தொடவில்லை. மறுநாள் காலையில் நானே சாரிடம் போய், ஒரே ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். இதை உங்களிடம் சொன்னதில்லை.

நாடக நாளும் வந்தது. ஜூன் மாத வெயில். உங்களுக்கு உடம்பு ஏர்கூலர் வந்த அட்டைப்பெட்டி, தலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்லெண்ணெய் வாங்கிய டின். எவ்வளவு கழுவியும் எண்ணெய் கசிந்து கழுத்து வரை வழிந்தது. நெஞ்சில் சின்னச் சின்னச் சிவப்பு பல்புகள். அவற்றுக்கான பேட்டரி செல் கடைசி நேரத்தில் காலைவாரிவிட்டது. என் டார்ச்சிலிருந்த செல்லைக் கழற்றி உங்கள் நெஞ்சில் போட்டுவிட்டேன்.

முதல் காட்சியிலேயே நீங்கள் மைக்கை மறைத்துக்கொண்டு நின்றீர்கள். "மைக்கை மறைக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்றேன். நீங்கள் கணீரென்று, "மைக்கை மறைக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்றீர்கள். விஞ்ஞானியாக நடித்தவர் தன்னைத்தான் சொல்கிறீர்கள் என்று பதறி விலகினார். சபை சிரித்த சிரிப்பில் கூரை போயிருக்கும். அடுத்து, "தலையை ஆட்டாதீங்க, டின்னு விழுந்துரும்" என்பதையும் சொன்னீர்கள். அதற்கும் கைதட்டல். ராமநாதன் சார் எதிர்ப் பக்கத் திரையிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டாரா, தொடரச் சொல்லியா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கடைசிக் காட்சி. விஞ்ஞானி பெட்டியைத் திறந்து, "போ உள்ளே" என்றார். கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது, மைக் செத்தது, குழந்தைகள் 'ஹோ'வென்று கூச்சலிட்டார்கள். ஜெனரேட்டர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கும்மிருட்டில் உங்கள் நெஞ்சு மட்டும் சிவப்பாக எரிந்தது. இனிமேல் நீங்கள் கேட்டால்கூட என்னால் சொல்லித் தர முடியாது. ஸ்கிரிப்ட் தெரியவில்லை, டார்ச்சில் செல் இல்லை, பயத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. ராமநாதன் சார், "உள்ள போங்கோ, உள்ள போங்கோ" என்று இருட்டில் கத்தினார். நீங்கள் நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றீர்களோ தெரியாது. கூச்சலிட்ட குழந்தைகளே அடங்கிவிட்டார்கள்.

அப்புறம் இயந்திரக் குரலில் இல்லாமல், நம் வீட்டுக் குரலில், சன்னமாகக் கூப்பிட்டீர்கள்.

"வடிவு... இருக்கியா?"

ப்ராம்ப்டர் குரல் சபைக்குக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. "இருக்கேன்" என்று கத்தினேன்.

"அப்ப சரி" என்றீர்கள். பிறகு, "வசனமெல்லாம் மறந்துட்டு. பெட்டிக்குள்ள போகச் சொல்லுதாங்க. நீ கூட இல்லாம எனக்கு எங்கயும் போகத் தெரியாது."

கரண்ட் வந்தபோது சபை எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடிந்துகொள்ள ஓடி வந்த ராமநாதன் சார், கைதட்டலைக் கேட்டதும் வழியிலேயே மனம் மாறி, உங்களுக்கு முன்னால் போய் நின்று சபைக்கு வணக்கம் சொன்னார். கண்ணுக்கே தெரியாத ஒரு பெண்ணை இயந்திரம் பெயர் சொல்லி அழைத்தது நாடகாசிரியரின் ஆழ்ந்த கற்பனை என்று பிறகு ஒருவர் விமர்சனம் எழுதினார். வீட்டுக்கு வந்து தலையிலிருந்த எண்ணெயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டேன். "வெந்நி போதுமா?" என்றேன். "ம்" என்றீர்கள். அதற்கப்புறம் ஆயுசு பூராவும் "ஏளா"தான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

எங்கேயும் தனியாகப் போகத் தெரியாது என்று சபையறியச் சொன்ன மனுஷன், போன தை மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தவர், ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிவிட்டீர்களே. இது என்ன நியாயம்? உங்கள் பதினாறாம் நாள் அன்று வீடு நிறைய ஆட்கள். "வந்தவங்களைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று சொல்ல உங்கள் பக்கம் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. பெங்களூரிலிருந்து நம் மகன் வாராவாரம் ஃபோன் செய்கிறான். அவனும் "ம்" என்கிறான். கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். புது யந்திரமூர்த்தி ஒரு பெண். பெயர் ஷாலினி, நொய்டாவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறாள். ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத் தடுமாறி வருவது வேஷத்துக்குக் கச்சிதம். நான்தான் மறுபடியும் ப்ராம்ப்டர்.

அந்தக் கடைசி வரிகளை ஸ்கிரிப்டிலேயே அச்சடித்துவிட்டார்கள். 'இங்கே விளக்கு அணைகிறது' என்று குறிப்பு வேறு. முதல் ஒத்திகையில் அவள் "வடிவு, இருக்கியா?" என்று படித்தபோது எனக்கு உடம்பு எரிந்தது. யாரோ நம் பீரோவைத் திறந்து உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது மாதிரி இருந்தது. எடுத்துவிடுங்கள் என்றேன். ராமநாதன் சாருக்கு இப்போது காது மந்தம், பிடிவாதம் மட்டும் அப்படியே இருக்கிறது. "மேடம், நாடகமே அந்த ஒரு வரியிலதான் நிக்கறது" என்றார். "அந்த வரி நீங்க எழுதினதில்லையே சார்" என்றேன். அது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

ஷாலினிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, மத்லப்... அதாவது, இந்த வடிவு யாரு? ஸ்கிரிப்ட்ல வேற எங்கயும் வரலையே?"

"நான்தான்" என்றேன்.

"அச்சா... அப்ப நான் யாரைக் கூப்பிடணும்?"

"இருட்டுல தனியா நிக்கும்போது உனக்கு யாரு ஞாபகம் வருதோ அவங்களை."

நன்றாக யோசித்தாள், காது சிவந்துவிட்டது. "ஆன்ட்டி, அந்தப் பேரை எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாது."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தாங்க" என்றேன்.

அவள் யாரைக் கூப்பிடப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். ஒருவேளை யாரையும் கூப்பிடாமல் அப்படியே நிற்கலாம். சபை முணுமுணுக்கும். சார் திரைக்குப் பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும். விளக்கு அணைந்ததும் நான் ஸ்கிரிப்டை மூடிவிடுவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் அவளுக்கு ஒரு எழுத்துகூட எடுத்துக் கொடுக்க மாட்டேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என் பெயரை மட்டும் அந்த மேடையில் இன்னொருவர் சொல்ல விடமாட்டேன். அது வசனமில்லை. அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டது என்னை.

உங்கள் வீட்டுக்காரி,
வடிவு