பேசாத மாப்பிள்ளையும் பின்னாலிருந்து படித்த புத்தகமும்

ஜூன் 8, ஞாயிறு
பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கீரமங்கலம், பெயர் நிலவழகன், தோஹாவில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருக்கிறார். “தனியா பேசிக்கிறதுன்னா பேசுங்க” என்று இருவரையும் மாடிக்கு அனுப்பினார்கள். பேசினேன், நான் மட்டும். நான் ரத்தம் எடுக்கும் லேப்பில் ஊசியைப் பார்த்தே மயங்கி விழும் மீசைக்காரர்கள் கதை எல்லாம் சொன்னேன். அவர் மொத்தமாகச் சொன்னது: “ம்”, “சரிங்க”, “தண்ணி கெடைக்குமா?”

ஜூன் 10
புரோக்கர் உடையப்பன் போன் செய்தார். “மாப்பிள்ளைக்கு சம்மதம். அவங்க அம்மாதான் பொண்ணுக்கு வாய் கொஞ்சம் கூடங்குறாங்க. பூ வைக்கிறப்பவாச்சும் அடக்கமா இருக்கச் சொல்லுங்க.” அம்மா “சொல்றேண்ணே” என்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷம் பேசின வாயை எங்கே கொண்டுபோய் வைக்கிறது? பதினெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஜூன் 11
ஜப்பான் படக்கதைகளில் எனக்குப் பிடித்ததெல்லாம் ஒரே மாதிரி: ஒரு வாயாடிப் பெண், ஒரு ஊமைக்கோட்டான் பையன். ஏன் பிடிக்கிறது? இருவரும் கடைசிவரை மாறுவதில்லை. அவள் பேசிக்கொண்டே இருப்பாள், அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். அடக்கமாக இரு என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. ஆனால் அங்கே பேசாதவன் நினைப்பதைத் தலைக்கு மேல் மேகம் வரைந்து எழுதிவிடுவார்கள். அன்று மாடியில் இவர் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

ஜூன் 12
மாப்பிள்ளை தன் அப்பாவை, சுகர் பார்க்க எங்கள் லேப்புக்கே அழைத்து வந்தார். பையில் இருந்த படக்கதையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அம்மா கண்ணில் படாமலிருக்கப் பிரவுன் அட்டை போட்டு வைத்த புத்தகம். எதற்குக் கொடுத்தேன்? சத்தியமாகத் தெரியவில்லை.

ஜூன் 16
ரிசல்ட் வாங்க வந்தவர் புத்தகத்தை நீட்டினார். “படிச்சேங்க. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.”

அது சிரிப்புக் கதை. என்ன ஆச்சு என்று கேட்டேன். முதலில் இருவரும் ஒரே குடையில் சேர்ந்து போகிறார்களாம். போகப்போகப் பேச்சு குறைகிறதாம். கடைசியில் ஒரே வகுப்பில் இருந்தும் பெயர்கூடத் தெரியாதாம். “எங்க விட்டுப்போச்சுன்னு தெரியாம ரெண்டு தடவ படிச்சேன். அந்தப் பொண்ணப் பேசவேணாம்னு யாரும் சொல்லிட்டாங்களோன்னு நெனச்சேன்.”

ஐயோ. ஜப்பான் புத்தகம் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடியும். நான் சொல்ல மறந்தேன், அவர் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்திருக்கிறார். எது முன்பக்கம் என்று தெரியாமல் என் அட்டை வேறு மறைத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும், “அப்ப சேந்துர்றாங்களா?” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் போனபிறகு அழுகை வந்தது. காகிதத்தில் இருக்கிற ஒருத்தி பேச்சை நிறுத்தினதுக்கு மனுஷன் நாலு நாளா வருத்தப்பட்டிருக்காரே.

ஜூன் 17
அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி
பூ வைத்தார்கள். அம்மாவுக்காக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவருடைய அம்மா என் தலையில் பூவைச் சூடிக்கொண்டே, “எப்பவும் இப்படியே அடக்கமா இருந்துக்கத்தா” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: “அவங்க பேசட்டும்மா. நான் அதக் கேக்கத்தானே கட்டிக்கிறேன்.”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.