நேத்து குடு டீ

அடியே,

இன்று காலை துவாரகா வீட்டில் மிக்ஸி ஜாரிலிருந்து இட்லி மாவை வழித்துக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த பிளாஸ்டிக் துண்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "இன்னுமா இதை வச்சு வழிக்கிறே? நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன்" என்றார். "இதுமேல மட்டும் கை வச்சீங்க, தெரியும் சேதி!" என்று முறைத்தேன். பாவம், செய்தித்தாளோடு பால்கனிக்கு ஓடிவிட்டார். மாவைக் கழுவினால் அந்த நீலத் துண்டில் என் பெயரின் முதல் பாதி இன்னும் தெரிகிறது. மறுபாதியைத்தானே நீ சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தாய்.

முழு அட்டையாக இருந்தபோது அது என் கிரெடிட் கார்டு. தலைநகருக்குப் படிக்க வந்த இரண்டாம் வருடம் கல்லூரி வாசலில் மேசை போட்டு, கார்டு எடுத்தால் தோள்பை இலவசம் என்றார்கள். நான் பைக்கு ஆசைப்பட்டேன். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா, என் கடைசி வருடப் படிப்புக்கென்று என் பெயரில் ஒரு டெபாசிட் போட்டுவைத்திருந்தார். அதை ஈடு காட்டித்தான் கார்டு கிடைத்தது. அப்பாவிடம் மூச்சு விடவில்லை. முதலில் மோமோ, அப்புறம் ஸ்வெட்டர், அப்புறம் ஒரு போன். மாதாமாதம் வந்த பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிறியது மாணவர்களுக்கான சலுகை என்று நினைத்து அதை மட்டும் கட்டினேன். அதுவும் பி.காம். படித்துக்கொண்டு! கட்டாத மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போய், கடைசியில் அந்தச் சின்னத் தொகையைக் கட்டவும் வழியில்லாமல் போயிற்று.

அப்போதெல்லாம் உன் தமிழைக் கேலி செய்வதுதான் என் பொழுதுபோக்கு. லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த உனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் தகராறு. "நேத்து எக்ஸாம் இருக்கு, ஜல்தி படி டீ" என்பாய். "நாளைக்கு நல்லா தூங்கிட்டேன்" என்பாய். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஏன் அப்படிப் பேசுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மயூர் விஹாரில் நான் தங்கியிருந்த அறைக்கு நீ வந்த அந்த மாலையில் என் பெட்டி பாதி கட்டிய நிலையில் இருந்தது.

"எங்கே டீ கிளம்பிட்டே?"

"ஊருக்கு. எல்லாம் முடிஞ்சுபோச்சு. கார்டுக்காரன் போன் பண்ணான். நேத்தோட கெடுவாம். டெபாசிட்டை உடைச்சிருப்பாங்க, அப்பா போனுக்கு மெசேஜ் போயிருக்கும். நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் படிக்கிறது?"

அந்தக் கார்டுக்காரன் கடகடவென்று பேசிய இந்தியில் எனக்குப் பிடிபட்டவை 'கல்', 'லாஸ்ட் டேட்', 'டெபாசிட்', இவ்வளவுதான். கல் என்றால் நேற்று. எனக்குத் தெரிந்த இந்தியில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. நீ என் போனைப் பிடுங்கி அதே எண்ணுக்குப் பேசினாய். பேசி முடித்ததும் கட்டிலில் விழுந்து சிரித்தாய் பார், எனக்கு அறையலாம் போல இருந்தது.

"அரே பாகல், பைத்தியமே! கல்னா நாளைக்கும்தான் டீ! நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு!"

"அப்ப நேத்துக்கு?"

"அதுக்கும் கல்தான்!"

உன் தமிழ் ஏன் அப்படி முன்னும் பின்னுமாகப் போகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

சிரித்து முடித்துவிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாய். "பி.காம். படிக்கிறே, ஷரம் நஹீ ஆத்தி? வெக்கமா இல்லே?" வட்டியோடு பத்தொன்பதாயிரம் நின்றது. கையோடு என்னைக் கரோல் பாக்குக்கு இழுத்துப் போனாய். கடைக்காரரை "பையா, பையா" என்று அண்ணன் முறை சொல்லிக் கொஞ்சியும் மிரட்டியும் என் போனைப் பன்னிரண்டாயிரத்துக்குத் தள்ளிவிட்டாய். மீதி ஏழாயிரத்தை நீ போட்டாய். டியூஷன் எடுத்து மணாலி போகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. நான் வேண்டாம் என்றதற்கு, "மணாலி அங்கேயேதான் டீ இருக்கும்" என்றாய். மறுநாள் காலையிலேயே கட்டினோம். டெபாசிட் பிழைத்தது, நான் கடைசி வருடம் படித்தேன். காய்கறி வெட்டும் கத்தரியால் நீ கார்டை இரண்டாக வெட்டியபோது ஒரு துண்டு பறந்துபோய் மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. அதை வைத்தே மாவை வழித்து, "தேக்கோ, பாரு டீ, இப்பதான் இது ஒரு வேலைக்கு ஆச்சு" என்றாய்.

மாதம் ஐநூறாகப் பதின்மூன்று மாதம் உனக்குத் திருப்பிக் கொடுத்தேன். பதினான்காவது ஐநூறை மட்டும் நீ வாங்கவே இல்லை.

"நேத்து குடு டீ."

"நாளைக்குன்னு சொல்லித் தொலை."

"ஒண்ணுதானே!"

வேலைக்குப் போனோம், எனக்குக் கல்யாணமும் ஆயிற்று, அந்த ஐநூறு மட்டும் அப்படியே நின்றது. பார்க்கும்போதெல்லாம் நான் நீட்டுவேன், நீ 'நேத்து' என்பாய். ஒருமுறை கோபம் வந்து உன் பையில் திணித்தேன். நீ அதை எடுத்து என் கையில் வைத்து மூடினாய். "கணக்கு முடிஞ்சா, துவாரகாலேருந்து இவ்ளோ தூரம் என்னைப் பார்க்க வருவியா நீ?" என்றாய். வருவேன் என்று சத்தியம் செய்தேன். நீ நம்பவில்லை, கழுதை.

போன வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போனில், "நேத்து வரேன் டீ" என்றேன், உன் பாஷையில். நீ இருமிக்கொண்டே சிரித்தாய். நான் வந்தபோது நீ இல்லை. முந்தின நாளே வந்திருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் அம்மாவிடம் அந்த ஐநூறை நீட்டினேன்.

"எதுக்கும்மா?"

"அவளுக்குத் தர வேண்டியது, மாமி."

"அவ என்ன சொல்லியிருந்தா?"

"நேத்து குடுன்னா."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். உன் சாவிக்கொத்திலிருந்து கார்டின் மறுபாதியைக் கழற்றி என் கையில் வைத்தார். "அப்ப நீயும் நேத்தே வந்து குடு" என்றார்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை போகிறேன். நீட்டுகிறேன், அவர் 'நேத்து' என்கிறார். பிறகு காபி குடித்துக்கொண்டு இரண்டு பேரும் உன் தலையை உருட்டுகிறோம். நாளை ஞாயிற்றுக்கிழமை. இன்று வழித்த மாவில் ஒரு டப்பா அவருக்கு. ஐநூறு ரூபாய் என் பர்ஸில் மெட்ரோ கார்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. என்றைக்காவது மாமி கை நீட்டி அதை வாங்கிவிடுவாரோ என்பதுதான் என் பயமெல்லாம்.