சம்பந்தியம்மா முதுகில் ஏறி உட்கார்ந்த கதை

பாளையங்கோட்டை,
1912 நவம்பர்.

என் செல்ல மகள் தேவமணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் காத்துவருவதால் நானும் உன் அப்பாவும் சுகம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை கிருபைராஜும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தினமும் சோறு இறங்குகிறது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நீயும் பதறாதே, மாப்பிள்ளையையும் பதறவிடாதே. உன் மாமியார் நன்றாக இருக்கிறார்கள். நம் வீட்டு உள்ளறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, நான் வைத்த மிளகு ரசத்தில் புளி கூடிப்போச்சு என்று குறை சொல்லுகிறார்கள், அவ்வளவு சுகம். இனி நடந்ததைக் கேள்.

உங்களுக்கு அனுப்பக் கருப்பட்டியும் முறுக்கும் எடுத்துக்கொண்டு போன வாரம் வள்ளியூரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். நீங்கள் கப்பலேறின நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். மகனை ரங்கூனுக்குத் துரத்தியது அவர்கள்தான் என்று நானும், மருமகள் தூண்டித்தான் போனான் என்று அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம். இங்கே வந்தபின்பும் எனக்குச் சொல்லவேண்டியதை நம் பசுவிடம் சொல்வார்கள், நான் பதிலை உன் அப்பாவிடம் சொல்வேன். பசு பொறுமையாகக் கேட்டுக்கொண்டது, உன் அப்பாதான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று விடியுமுன்னே கிளம்ப ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். பாபநாசத்துப் பக்கம் மழை கொட்டி ஆறு கலங்கி வந்தது. நான் ஒரு கல்லில், அவர்கள் தள்ளி ஒரு கல்லில். மாப்பிள்ளை அனுப்பின பட்டுத் துண்டை அலசிக்கொண்டே, இது எம்மகன் ரங்கூன்ல இருந்து அனுப்புனதுட்டி என்று துவைக்கிற பெண்களுக்கெல்லாம் பெருமை பேசினார்கள். துண்டு கைநழுவிப் போயிற்று, எட்டிப் பிடிக்கப்போய்ப் பாசியில் வழுக்கி இழுப்பில் விழுந்துவிட்டார்கள். துண்டு இந்நேரம் ஸ்ரீவைகுண்டம் அணையில் கிடக்கும். நான் திரும்பிப் பார்த்தது சத்தம் கேட்டல்ல மகளே, சத்தம் நின்றுபோனதால்தான். உன் மாமியார் பேச்சு பாதியில் அறுந்து நான் பார்த்ததே கிடையாது.

முங்குகிறவர்கள் கூச்சல் போடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம், அப்படியில்லையாம். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானம்பாள் தாய்மார் கூட்டத்தில் சொல்லியிருந்தாள். தொண்டைக்குள் தண்ணீர் பட்டதும் மூச்சுக்குழல் தானாக இறுகி அடைத்துக்கொள்ளுமாம், மூச்சு வாங்கவே வழியில்லாதவர் கூப்பிடுவது எப்படி. காற்றுப் படாத ரத்தம் கறுத்து உதடும் நகமும் நீலம் பாயும், அறிவு தப்பும். ஆனால் மூச்சு நின்ற பிறகும் நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டுதான் இருக்கும், அதற்குள் வெளியிலிருந்து நாம் மூச்சை நடத்தினால் ஆள் பிழைக்கலாம் என்று, எங்களைப் பாயில் குப்புறப் படுக்கவைத்துக் காட்டினாள். நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து உன் அப்பா மேல் பழகிப் பார்த்தேன், ஏட்டி, ஜெபம் பண்ணக்கூட மூச்சு மிச்சம் வையி என்று கத்தினார்.

மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த கருத்தையா பாய்ந்து, கொண்டையைப் பிடித்து இழுத்துவந்து மணலில் போட்டார். உதடு நாவற்பழம் மாதிரி, மூக்கில் நுரை, நெஞ்சு அசையவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தலைகீழாத் தூக்கிச் சுத்துங்கலே என்கிறார் ஒருவர், குயவர் வீட்டுச் சக்கரத்துல கிடத்திச் சுத்துனா தண்ணி பூரா வந்துரும்வே என்கிறார் இன்னொருவர். நான் எல்லோரையும் விலக்கிவிட்டுக் குப்புறப் போட்டு, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, வாயில் கிடந்த மண்ணையும் வெற்றிலையையும் விரலால் வழித்தெறிந்துவிட்டு, உன் மாமியாருக்கு இருபுறமும் முட்டியூன்றி ஏறி உட்கார்ந்தேன். வாத்தியாரம்மாவுக்குக் கிறுக்கு பிடிச்சுட்டா, செத்த சம்பந்தி மேலயா கோவத்தத் தீக்கது என்று ஒருத்தி அலறினாள். கருத்தையாதான், பேசாம இருங்க, அந்தம்மா தெரிஞ்சுதான் செய்யுதாவ என்று அடக்கினார்.

கீழ்விலாவில் இரண்டு கையையும் பரப்பி முன்னால் சாய்ந்து அமுக்குவேன், தண்ணீரும் நுரையும் வாய் வழியே வரும். பின்னால் சாய்ந்து விடுவேன், விலா விரிந்து காற்று தானே உள்ளே போகவேண்டும். கொல்லன் துருத்தி போலத்தான். என் மூச்சின் அளவுக்கே அமுக்கினேன், விட்டேன். கை மரத்துவிட்டது. ஜெபம் வரவில்லை தேவமணி. மாப்பிள்ளைக்கு இதை எந்தக் கையால் எழுதுவேன் என்ற ஒரு நினைப்புதான். அப்போது எனக்கடியில் ஒரு விக்கல், பிறகு இருமல், பாதி ஆறு வெளியே வந்தது, பிறகு கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதுபோல ஒரு மூச்சு இழுத்தார்கள். கண்ணைத் திறக்குமுன்னே, எவட்டி எம்முதுகுல, எந்திரி, கனக்கு என்றார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து அப்படியே மணலில் உருண்டுவிட்டேன்.

கம்பளி போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உள்ளே தங்கின தண்ணீர் நுரையீரலைப் புண்ணாக்கலாம், பிழைத்தாயிற்றென்று விட்டுவிடாதீர்கள் என்று ஞானம்பாள் வந்து முதுகில் காது வைத்துப் பார்த்தாள். அதேபோலக் காய்ச்சலும் இருமலும் வந்தது, இப்போது இறங்கிவிட்டது. விலாவில் வலிதான் மிச்சம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், சம்பந்தி எம்விலாவ முறிச்சுட்டாவ என்று சொல்லுகிறார்கள், அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது.

நேற்றுக் கஞ்சி கொடுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணிக்குள்ள கிருபைராசேன்னு கூப்பிடத்தான் வாயத் திறந்தேன் சம்பந்தி, தண்ணி உள்ள போயிட்டு, அவன நான் போகச் சொல்லல, போகாதலேன்னு சொல்ல ரோசம் விடல, அவ்வளவுதான் என்றார்கள். நானும் என் மகளிடம் அதையேதான் சொல்லாமல் விட்டேன் என்றேன். கஞ்சி ஆறிப்போயிற்று.

மகளே, ஐராவதியில் படகில் போனால் நடுவில் உட்கார், ஓரத்தில் கைபோட்டு விளையாடாதே. இந்த அமுக்குகிற முறையை மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடு, அவர் முதுகில் ஏறிப் பழகிக்கொள்ள வெட்கப்படாதே. ஈஸ்டருக்கு லீவு கேட்கச் சொல், தூத்துக்குடியில் வந்து காத்திருப்போம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உங்களைப் போகாதீர்கள் என்று இனிச் சொல்லிப் பயனில்லை, வாருங்கள் என்று சொல்லுகிறோம், இரண்டு பேரும் வாய் திறந்து.

இப்படிக்கு,
உங்கள் அம்மாமார்
சாலோமி, பாக்கியவதி