கறுத்ததற்குக் காரணம் டீ இல்லை, மச்சான்

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார முடியாமல் எழுதுகிறேன்.

பதறாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது அக்கா. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிறார்கள். உங்களை முப்பது வருஷம் பேசவிடாத சரசக்கா, வாயைத் திறந்துகொண்டு பேசாமல் படுத்திருக்கிறாள். இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

நர்ஸ் இரண்டு தடவை முறைத்துவிட்டார். "ஏனுங்க, பிரசவத்துக்கா வந்துருக்கீங்க? ஒரு எடத்துல உக்காருங்க." உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

அதற்குள் ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். உங்கள் டீ பாக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது. குன்னூர் ஏலத்தில் நம் தூளை முகர்ந்து பார்க்கவும் ஆளில்லை. மேல்தோட்டத்துக்காரர் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார். காட்டுமாடு வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டது. இந்த வருஷம் மலையில் லாபம் பார்த்தது அது ஒன்றுதான்.

இந்தச் சரிவு ஆரம்பித்த நாட்களில்தானே உங்கள் வயிறும் படுத்தது? தூள் விலை போகாததற்கு, பாக்டரியில் தூளின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கரான உங்கள் நாக்கைக் குறை சொன்னார் முதலாளி. நீங்கள் விடிந்ததும் வெறும் வயிற்றில் கிண்ணம் கிண்ணமாக ருசி பார்த்தீர்கள். ருசி பார்ப்பவர் துப்ப வேண்டும். நீங்கள் துப்பவில்லை. "நாமளே துப்பிப்போட்டா ஏலத்துல எவன் முழுங்குவான் மாப்ள?" என்பீர்கள்.

டாக்டர் புண் என்றார். காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், தண்ணீரில், கடிக்காமல் முழுதாக விழுங்க ஒரு மாத்திரை. சொன்ன நாள்வரை விடக்கூடாது. முழங்கால் வலிக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைதான் புண்ணைக் கிளறுகிறது, அதைத் தொடவே கூடாது. மலம் தார்போலக் கறுத்தால், ரத்தமாக வாந்தி வந்தால், தலை கிறுகிறுத்தால் அந்த நிமிஷமே வரவேண்டும். கூட வந்த நானும் காதால் கேட்டேன்.

அப்புறம் நான் செய்த காரியம் உங்களுக்கே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த பக்கவிளைவுக் காகிதத்தை எடுத்து, ஏலக்காரர் குரலில் வாசித்தேன். "தலைவலி ஒரு தரம்! பேதி ரெண்டு தரம்! ரொம்ப நாள் தின்னா எலும்பு பலமில்லாமப் போகும், மூணு தரம்!" அக்கா தோசைத் திருப்பியோடு சிரித்தாள். நீங்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். "எலும்பு போயிருச்சுன்னா பாக்டரிப் படி எப்பிடி ஏறறது மாப்ள?" முழங்கால் மாத்திரையை மட்டும் விடவில்லை. காக்கிறதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடிக்கிறதை வைத்துக்கொண்டீர்கள்.

எலும்புச் சங்கதியெல்லாம் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு, அதையும் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று அதே காகிதத்தில் இருந்தது, மச்சான். உங்களுக்கு எழுதியது சில வாரங்களுக்குத்தான். அந்த வரியை நான் வாசிக்கவில்லை. அதில் சிரிப்பு இல்லை.

கொஞ்ச நாள் கழித்து பஸ்ஸ்டாப்பில் வைத்துச் சொன்னீர்கள்: "ரெண்டு நாளாக் கருகருன்னு போகுது. டீ மேக்கருக்கு வேற எந்தக் கலர்ல போகும்?" டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? நான் சொன்னது இது: "அதையும் ஏலத்துக்கு அனுப்புங்க மச்சான், நம்ம தூளை விட நெறம் நல்லாருக்கும்." இரண்டு பேரும் சிரித்தோம். மூன்றாம் நாள் நீங்கள் பாக்டரிப் படியில் விழுந்தீர்கள். குன்னூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அக்கா அடுப்படியில் நின்றபடி, "வயித்துல என்னமோ எரியுதுடா, கருப்பா வேற போகுது" என்றாள். அலமாரியைத் திறந்தேன். உங்கள் முழங்கால் மாத்திரை! நீங்கள் மிச்சம் வைத்ததை அவள் தன் முழங்காலுக்குத் தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"இது மச்சானுக்கு எழுதினது, உனக்கு யாரு குடுத்தா?"

"அவருக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா? கருப்பாப் போறதுக்கு எதுக்குடா இப்பிடிப் பதறுறே? டீ குடிக்கறவளுக்கு வேற எந்தக் கலர்ல போகும்?"

அதே வார்த்தை. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி பிடித்து உடனே கூட்டிவந்தேன். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவளுக்கு மூச்சு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது உதவியது. ராத்திரியே ஊசியும் பாட்டிலும் ஏற்றி, காலையில் குழாய் விட்டார்கள்.

டாக்டரிடம் நான் டீயைப் பற்றிக் கேட்டேன். "டீ குடிச்சா தார் மாதிரி கறுக்காதுங்க. இரும்புச்சத்து மாத்திரைக்குக் கறுக்கும், உள்ளே ரத்தம் கசிஞ்சாலும் கறுக்கும். எதுன்னு நாங்க பாக்கறோம். நீங்க ஊட்டுல இருந்துட்டுத் தீர்ப்புச் சொல்லாதீங்க."

கதவு திறந்துவிட்டது, மச்சான். கொஞ்சம் இருங்கள்.

புண்தான். கசிந்துகொண்டிருந்த இடத்தை அடைத்துவிட்டார்கள். இரண்டு நாள் இங்கேயே இருக்கவேண்டும். அக்கா கரகரத்த தொண்டையில் முதலில் சொன்னது: "மாவை வெளியிலயே வெச்சுட்டு வந்துட்டேன், புளிச்சுப் போயிருக்கும்." நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் சாப்பிடச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் நிறுத்திய அதே மாத்திரை. நான் வாங்கி வந்த டப்பாவிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டி அக்கா, "படிச்சுக் காட்டுடா" என்றாள். என் சொந்தக் குரலில், ஒரு வரி விடாமல், சிரிப்பில்லாத வரியையும் சேர்த்துப் படித்தேன்.

அலமாரியில் இருக்கும் உங்கள் மாத்திரைகளை இன்றே எடுத்து அப்புறப்படுத்துகிறேன். அவள் புதுமாத்திரையை முதல் நாள் முதல் கடைசி நாள்வரை நானே காலையில் போய்த் தண்ணீரோடு கொடுப்பேன். பஸ்ஸ்டாப்பில் நீங்கள் என்னிடம் சொன்னது அக்காவுக்குத் தெரியாது. அவளுக்குத் தொண்டை சரியாகி, என்னைத் திட்டும் தெம்பு வந்த அன்றைக்குச் சொல்லிவிடுவேன். என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

இது சத்தியம்,
உங்கள் மாப்ள,
சரசக்காவின் தம்பி