தூரத்தில் நிற்பது

அன்புள்ள மெட்டில்டா,

கரைப்பறவை எண்ண வந்த எல்லோரும் ஜாம்நகருக்குச் சுகமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த புளியோதரையை உன் தம்பி ஆரோன் ரயிலிலேயே தின்று தீர்த்துவிட்டான். இந்தக் கடற்கரையில் செல்போன் சிக்னல் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரோனும் நானும் பறவை பார்க்கக் கற்றது பள்ளிக்கரணைச் சதுப்பில்தானே. அங்கே தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். நாம் அசையாமல் இருந்தால் பறவை பயம் தெளிந்து பக்கத்தில் வரும். இன்று காலை இங்கே சேற்றிலும் உள்ளான் பறவைகள் கூட்டமாக எங்களை நோக்கி வந்தன. "அத்தான், அசையாதீங்க, நம்மகிட்டயே வருது!" என்றான். சிரித்துக்கொண்டே கேமராவோடு இன்னும் உள்ளே போனான். நான் டெலஸ்கோப் எடுக்கக் கரைக்குத் திரும்பினேன்.

அவை எங்களை நம்பி வரவில்லை, மெட்டில்டா. அவற்றின் பின்னால் கடல் ஏறிக்கொண்டு வந்தது. நான் தாண்டி வந்த ஓடையும் நிறைந்துவிட்டது.

அவனைத் தேடிப் படகு போயிருக்கிறது. சேலையூரில் அத்தையிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. எனக்குப் பயமில்லை. கையெழுத்து இப்படி இருப்பது காற்றால்.

டெலஸ்கோப்பில், தண்ணீருக்கு நடுவே ஒரு மணல்திட்டு தெரிகிறது. அதில் ஏதோ ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. நாரையும் தூரத்தில் ஆள் மாதிரித்தான் நிற்கும். இத்தனை வருஷம் பறவை பார்த்தும் எனக்கு இது எதுவென்று சொல்லத் தெரியவில்லை. படகு அதை நெருங்குகிறது.

அது பறந்துவிடக் கூடாது என்று ஜெபம் பண்ணு.

உன் வீட்டுக்காரன்