மெயினை அணைத்த பிறகும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் மகளும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எனக்கு அதுவே போதும். போன வாரம் போனில், எலக்ட்ரீஷியன் வேலையெல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாது, பயிற்சியை விட்டுவிட்டுக் கிளம்பி வரச் சொல் என்று கறாராகச் சொன்னாய், நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

குளியலறைக்கு வெளியே சுவரில் ஒரு பழைய சுவிட்ச் சும்மா கிடந்ததே, ஈரம் ஏறித் தொட்டாலே சுர்ரென்றது. ஞாயிற்றுக்கிழமை காலை உன் அப்பா மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்ற உட்கார்ந்தார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர் அல்லவா, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி முழங்கையில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார், எத்தனை மண்டைக்குக் கட்டுப் போட்டிருக்கேன், ரெண்டு கம்பிக்குப் போட மாட்டேனா என்று என்னிடம் பெருமை வேறு. திருகாணியைக் கழற்றிச் சுவிட்சை வெளியே இழுத்து, கம்பியைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனார், அப்போதுதான் உன் மகள் பல் துலக்கியபடியே வந்து, தாத்தா கையை எடுங்க என்று போட்டாள் ஒரு சத்தம். வாய் கொப்பளித்து, கையை நன்றாகத் துடைத்து, கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரை எடுத்து வந்து கம்பியில் வைத்தாள். பளிச்சென்று எரிந்தது. மெயின்தான் அணைச்சாச்சே என்று அப்பா முழித்தார், அது நம்ம வீட்டு மெயின் தாத்தா, இந்தக் கம்பி எங்கிருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும் என்றாள். கம்பி போகும் வழியைத் தேடிப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள், மாடியும் கீழும் ஒரே வீடாக இருந்த காலத்துக் கம்பியாம், மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் லைனிலிருந்து வருகிறது. அந்த அம்மா தன் மெயினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, இத்தனை நாளும் என் கரண்டா உங்களைக் கிள்ளிச்சு என்று சிரித்தார்.

இப்போது டெஸ்டர் எரியவில்லை. அப்பவும் அவள் தொடவில்லையடா! டெஸ்டரே செத்திருந்தா என்ன பண்றது என்று நம் மெயினைப் போட்டுச் சமையலறை பிளக்கில் வைத்துப் பார்த்தாள், எரிந்தது, திரும்ப அணைத்துவிட்டு வந்து இன்னொரு தரம் பார்த்தாள். அதற்கப்புறம்தான் வேலை. கருகிய நுனியை வெட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் மூடி திருகி, கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, மேலே கருப்பு டேப் சுற்றினாள். சிமெண்ட் பூசி அடைச்சுடலாமே என்றார் அப்பா. நாளைக்கு எவனாவது ஆணி அடிப்பான் தாத்தா என்று, சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டிக்குள் மடித்து வைத்து வெறும் தட்டு போட்டு மூடி, மாடி வீட்டு லைன் என்று எழுதியும் ஒட்டினாள். அவசரமே கிடையாது. இந்தப் பொறுமை நம் குடும்பத்தில் யாருக்கு இருந்தது, உனக்கா எனக்கா?

ஆகவே நீ சொன்னதை நான் சொல்லப்போவதில்லை. வியாழக்கிழமை அவளுக்குக் கடைசித் தேர்வு, காலை எட்டு மணிக்குக் கிளம்புவாள். அதற்கு முன்னால் கூப்பிட்டு, நல்லா செய் கண்ணு என்று ஒரு வார்த்தை சொல். வேறு எதுவும் சொல்வதாக இருந்தால் என் போனுக்குக் கூப்பிடு, நான் எடுக்கமாட்டேன். அப்பாவும் இதையே எழுதச் சொன்னார், பேத்தி காப்பாற்றிய பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிக்கொண்டு.

மருமகளின் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே. எல்லாரும் நீண்ட ஆயுசோடு நல்லபடி இருங்கள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே அவள் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப்போகும்,
உன் அம்மா