மூலைக்கொடி யார்?

யூலை 3, வியாழன்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. கதவைத் திறந்தால் மணல், சாத்தினால் புழுக்கம். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

பதினொரு மணிக்கு என் கூடப்பிறந்த அன்ரன் அண்ணை வந்தார், கையில் பெரிய பை. உதைபந்தாட்டக் கழகத்து ஜேர்சி பதின்மூன்று. "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் எல்லாத்தையும் ஒடுக்கித் தா. பெடியளுக்குத் தொளதொளவெண்டு கிடக்கு." தொங்காமல் என்ன செய்யும். அது தடித்த மனிதர்களுக்குத் தைத்தது.

அண்ணை கழகத்தின் பயிற்றுவிப்பாளராகி இரண்டு வருடம். அணியைப் புதிதாகக் கட்டப்போகிறேன் என்று முப்பது தாண்டிய ஐந்து பேரை அணியை விட்டு நிறுத்தினார். பள்ளிக்கூடம் விட்ட கையோடு நின்ற பெடியன்களை இறக்கினார். இந்த முறை ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. நிறுத்திய ஐவரில் ஒருவர் இவர், என் கணவர். பன்னிரண்டு வருடம் கோல் காத்தவர்.

இவருடைய முதலாம் இலக்க ஜேர்சியை, இப்போது கோல் காக்கிற நிரோஜனுக்காக நான்தான் பிரித்து ஒடுக்கினேன். அவனுக்குப் பத்தொன்பது வயது, ஓணான் உடம்பு. இவர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையையும் வெட்டப்போறியோ?"

"ஓம். அவன் மெல்லிசு."

கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

இந்தக் கொப்பியில் மட்டும் எழுதி வைக்கிறேன்: அண்ணை இவரை நிறுத்தியது சரி. இன்னும் முந்தியே நிறுத்தியிருக்க வேண்டும். பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் இவர் விழுவார். முழங்கால் மடங்காது, வயிறு விடாது.

வியாழன் எப்போதும் அண்ணைக்கு இங்கேதான் சாப்பாடு. சாப்பிட்டதும் அரிசி புடைக்கிற சுளகை எடுத்துப் பதினொரு புளியங்கொட்டை பரப்பினார், ஞாயிறு ஆட்டத்துக்கு. நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன்: "இடது பக்கத்திலை காக்கிறவன் உள்ளுக்கை ஏறி நிக்கிறான் அண்ணை. ஓரத்தாலை ஒருத்தன் ஓடினா முடிஞ்சுது."

"உனக்கென்ன தெரியும். நீ நூலைக் கோர்."

இவரும் சிரித்தார். நிறுத்தியவரும் நிறுத்தப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கிற ஒரே விஷயம் நான்தான்.

யூலை 4, வெள்ளி

வாங்க வேண்டியது: வெள்ளை நூல் 2, இலாஸ்டிக், ஊசி (14), தேசிக்காய், அம்மாவின் திவசப் பூசைக்கு மெழுகுதிரி.

மீன் சந்தையில் கூட்டம். மீனை விடப் பந்துக்கதைதான் அதிகம்.

"ரெண்டு வருசம் பொறுங்கோ எண்டவர். பொறுத்தாச்சு."

"அணி கட்டுறதெண்டா சும்மாவே? வீடு கட்டவே மூண்டு வருசம்."

"வீடெண்டா அத்திவாரம் எண்டாலும் தெரியும்."

"ஆட்டத்துக்கு முதல் நாள் பெடியள் தொழிலுக்குப் போகக்கூடாதாம். அப்ப வலையை அன்ரன் மாஸ்ரரே இழுக்கிறது?"

"உந்த மீடியாக்காரர்தான் பெடியளின்ரை மனசை உடைக்கிறாங்கள்."

"காலாலை அடிக்கிறதுக்கு மனசு என்னத்துக்கு?"

மீடியாக்காரர் என்றால்: ஒன்று, யூடியூப்காரன். மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கத்துவான், ஓவ்சைட் என்றால் என்னவென்று தெரியாது. இரண்டு, பத்திரிகைக்கு எழுதுகிற வாத்தியார். மைதானத்துக்கு வராமலே "விறுவிறுப்பான ஆட்டம்" என்று எழுதுவார். மூன்று, மூலைக்கொடி.

மூலைக்கொடி நான். முகநூலில் எட்டு மாதமாக. படம் ஒரு சிவப்புக் கொடி, வேறு விபரம் இல்லை. என்னை ஒருவருக்கும் தெரியாது.

மீன் வெட்டுகிற மேரி அக்கா சொன்னா: "மூலைக்கொடி எழுதினதைப் பாத்தியே? உவன் ஆரோ நல்லாப் படிச்ச ஆள். நாக்கிலை விஷம்." பாரை ஒரு துண்டு கூடவே வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

யூலை 6, ஞாயிறு

பூசை. ஆட்டம். நாலுக்குப் பூச்சியம்.

நாலில் மூன்று இடது ஓரத்தால் வந்தது. நான் வியாழன் சொன்ன அதே இடம். பெண்கள் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்ணை கோட்டோரம் கைகட்டி நின்றார். ஒரு தடவை முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்று நினைக்கிறேன்.

நிரோஜன் இரண்டாம் பாதியில் இரண்டு பந்து தட்டினான். இவர் என்றால் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார். பக்கத்தில் ஒருத்தி இவரை நினைத்து "தாசன் அண்ணை நிண்டிருந்தா இப்பிடி நடக்காது" என்றாள். ஓம், ஆறு வாங்கியிருப்போம்.

வீட்டுக்கு வந்து மெஷினடியில் இருந்து எழுதியது:

"எங்கள் அணி இன்று நான்கு வாங்கியது. ஐந்தாவதை எதிரணி இரக்கப்பட்டு விட்டுவிட்டது. எங்கள் இடது ஓரம் பொதுப் பாதை, யாரும் போகலாம். பயிற்றுவிப்பாளர் சுளகில் புளியங்கொட்டை பரப்பி ஆட்டம் வகுக்கிறவர். குறை சொல்லக்கூடாது, புளியங்கொட்டைகள் வைத்த இடத்தில் அசையாமல் நின்றன. பெடியன்களும் அப்படியே நின்றார்கள். கோலுக்குள் நின்ற பிள்ளை நல்ல மரியாதை தெரிந்தவன், பந்துக்கு வழி விடுகிறான். அனுபவசாலிகளை வீட்டுக்கு அனுப்பியதற்கு ஊர் நன்றி சொல்லட்டும்."

நிரோஜன் தட்டிய இரண்டையும் எழுதவில்லை. அனுபவசாலிகள் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. உண்மையை எழுதினால் ஆர் வாசிப்பது.

யூலை 7, திங்கள்

காற்று. இரண்டு பிளவுஸ், கோயிலில் முதல்நன்மை வாங்கப்போகிற பிள்ளையின் உடுப்பு ஒன்றுக்கு அளவு.

நேற்று எழுதியது காட்டுத்தீதான். யூடியூப்காரன் அதை அப்படியே வாசித்து ஒரு வீடியோ போட்டிருக்கிறான், இடையில் தன் சொந்தச் சிரிப்போடு. பரிஸில் இருக்கிற குயின்ரஸ், கழகத்து வட்ஸ்அப்பில் ஆறு நிமிஷக் குரல் அனுப்பியிருக்கிறார். கழகத்துக்குப் பந்து, வலை, சப்பாத்து எல்லாம் அவர் அனுப்புவது. ஊரை விட்டுப் போய் முப்பது வருடமானாலும் ஊரில் அவர் வாய்தான் பெரிது. "புளியங்கொட்டையாலை விளையாடுற கழகத்துக்கு நாங்கள் இஞ்சை குளிருக்கை நிண்டு உழைக்கிறமே? ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் வையுங்கோ. அன்ரன் வேணுமோ வேண்டாமோ எண்டு முடிவெடுங்கோ."

அவ்வளவுதான். நான் இருபது நிமிஷத்தில் எழுதியதால் அண்ணையின் இரண்டு வருட உழைப்பு என்னாகும் என்று ஞாயிறு தெரிந்துவிடும்.

அளவு கொடுக்க வந்த பெண்: "மூலைக்கொடி ஆரெண்டு தெரிஞ்சா நான் கையெழுத்து வாங்குவன் அக்கா." கையைத் தூக்கச் சொல்லி நெஞ்சளவு எடுத்தேன்.

பயமும் இருந்தது. சந்தோஷம் அதை விடக் கூட.

யூலை 8, செவ்வாய்

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணை படலையைத் தட்டவில்லை, நேரே வந்தார். போனை இவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"புளியங்கொட்டை எண்டு கிடக்கு. அதை ஆர் கண்டது? நான், நீ, இவள். மூண்டு பேர். நான் எழுதேல்லை."

இவள் என்று சொல்லும்போதும் கண் இவரில்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்திருந்தால் நான் ஓம் என்றிருப்பேன். சத்தியமாக. அவருக்கு அந்த யோசனையே வரவில்லை. கதிரையும் சாட்சிக்கு நிற்கிறது, நானும் நிற்கிறேன்.

இவர் கையைக் கழுவினார். என்னைப் பார்த்தார். பிறகு:

"ஓம் மச்சான். நான்தான்."

அண்ணை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "என்னை நேரிலை பேசியிருக்கலாம், தாசன்" என்றார். வாசலில் நின்று என்னிடம், "வியாழக்கிழமை எனக்குச் சமைக்காதை பிள்ளை."

பின்னேரம் றால் வாங்கிப் பொரித்துக் கொடுத்தேன். பதினாறு வருடத்தில் இவர் எனக்காக ஒரு பழியை ஏற்றிருக்கிறார். அழுகை வந்தது. இப்போதும் வருகிறது.

யூலை 9, புதன்

றாலைத் திருப்பி வாங்கலாம் என்றால் வாங்கியிருப்பேன்.

இவர் நேற்றே படகுத்துறையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாராம். அண்ணை கேட்டதை அல்ல, தான்தான் மூலைக்கொடி என்பதை. மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு: "புருசன் இவ்வளவு கெட்டிக்காரன், வாய் திறக்கேல்லையே நீ!" வலைக்காரர் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறார்களாம். ஒருவன் தோளில் தட்டினானாம்.

வந்ததும் கேட்டேன். "நான் எழுதினதெண்டு எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மாசிமாசமே தெரியும். மெஷினிலை இருக்கிறாய், மெஷின் ஓடுற சத்தமில்லை. குனிஞ்சு குனிஞ்சு போனிலை. எனக்குக் கண் இல்லையே?"

"எண்டா ஊருக்கு ஏன் சொன்னனீங்கள்?"

"பொம்பிளை எழுதினது எண்டா உவங்கள் வாசிப்பாங்களோ?"

பன்னிரண்டு வருடத்தில் இவர் நேராகப் பிடித்த ஒரே பந்து இது.

யூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

அண்ணை வரவில்லை. காலையில் மைதானப் பக்கம் பெடியன்களை இடது ஓரத்தில் ஓடவிட்டு ஓடவிட்டுப் பழக்கினதாகக் கேள்வி. இன்னும் மூன்று நாள்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பழக்குகிறார். அந்த ஓரம் பிழை என்று மூலைக்கொடி எழுதியதைத்தான் திருத்துகிறார். நான் சொன்னால் நூலைக் கோர்.

இரண்டு தடவை போன் எடுத்தேன், அவருடைய இலக்கத்துக்கு. இரண்டு தடவையும் மணி அடிக்க முதல் வெட்டினேன்.

யூலை 13, ஞாயிறு

இரண்டாம் பூசை முடியக் கூட்டம், பங்கு மண்டபத்தில். பெண்கள் வெளியே யன்னலடியில்.

இவர் நேற்றே வெள்ளைச் சேட்டை என்னிடம் ஸ்திரி போடத் தந்துவிட்டார். கேள்வி கேட்காமல் போட்டேன். இப்போதுதான் விளங்குகிறது.

தலைவர் கதைத்தார். வாத்தியார் கதைத்தார். யூடியூப்காரன் படம் பிடித்தான். அண்ணை எழும்பி ஒரு வசனம் மட்டும்: "இன்னும் ஒரு வருசம் பெடியளை விடுங்கோ, உவங்கள் வருவாங்கள்." வருவார்கள். எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் உள்ளேயும் வெளியேயும் அது தெரிந்த ஆள் அவரும் நானும்தான். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கை உயர்த்தச் சொன்னார்கள். அண்ணைக்கு எட்டுக் கை. மற்றதெல்லாம் மற்றப் பக்கம்.

"அப்ப மாஸ்ரரின்ரை இடத்துக்கு ஆரை விடுறது?" என்று தலைவர். போனில் இருந்த பரிஸ் குயின்ரஸை ஒலிபெருக்கியில் போட்டார்கள். "உதுக்கு யோசிக்க என்ன இருக்கு? பிழை எங்கை எண்டு எழுதினவனுக்குத்தான் சரி எங்கை எண்டும் தெரியும். தாசனை விடுங்கோ."

கைதட்டல். இவர் வெள்ளைச் சேட்டோடு எழும்பிக் கும்பிட்டார். முதல் பேச்சே: "அனுபவம் உள்ள ஆக்களைத் திருப்பிக் கூப்பிடுவன். கோலுக்கு நானே நிப்பன்." இன்னும் கைதட்டல். நிரோஜன் பின்வரிசையில் இருந்தான். எழும்பி வெளியே போனான். என்னைக் கடந்துதான் போனான், "அன்ரி" என்று தலையாட்டினான். மரியாதை தெரிந்த பிள்ளை என்று எழுதினேன் அல்லவா.

அண்ணை கேற்றடியில் என்னிடம் நின்றார்.

"உன்ரை மனிசன் கெட்டிக்காரன், பிள்ளை. கோவம்தான். எண்டாலும் அந்த இடது ஓரத்தை எழுதினான் பார், அது எனக்கே பிடிபடேல்லை. பந்தைப்பற்றி அவனுக்கு இவ்வளவு தெரியுமெண்டு நான் நினைக்கேல்லை."

இப்போது சொல்லு, சொல்லு என்று நெஞ்சு அடித்தது. "சாப்பிட வாங்கோ அண்ணை" என்றேன். அவர் வரவில்லை.

யூலை 14, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கிவிட்டது. தையல் ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை.

கணக்குப் பார்த்தேன். மூலைக்கொடியில் இவரைத் தாக்கி எழுதினால், இவர் எழுதவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பிறகு மூன்று பேரில் மிச்சம் ஒருத்திதான். புகழ்ந்து எழுதினால் எனக்கு வாந்தி வரும். எழுதாமல் விட்டால் மூலைக்கொடி செத்தது. அண்ணையை நான் வெளியே அனுப்பியது இவரை உள்ளே விடத்தான் என்று ஆகிவிட்டது.

பின்னேரம் இவர் வந்து கையை நீட்டினார். "அந்தப் பக்கத்தின்ரை கடவுச்சொல்லைத் தா. சனம் கேக்குது, ஏன் ஒண்டும் எழுதேல்லை எண்டு."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய. கதிரையில் இருந்து ஒற்றை விரலால் குத்திக் குத்தி அரை மணித்தியாலம். பிறகு வாசித்துக் காட்டினார்.

"அன்ரன் மாஸ்ரர் எங்கள் கழகத்தை மிகவும் கெடுத்துவிட்டார். அவர் போனது நல்லது."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையில் சொல்லத்தான் திறந்தேன். அவர் என் அண்ணை, இனி விட்டுவிடுங்கோ என்று. ஆனால் அந்த வசனம் சப்பென்று இருந்தது. மூலைக்கொடியில் இப்படி ஒரு வசனமா. போனை வாங்கி அழித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன்:

"அன்ரன் மாஸ்ரர் ஐந்து பேரைத் தனியாகவே வெளியேற்றினார். ஆறாவது ஆளை வெளியேற்ற ஊரே கூட வேண்டியிருந்தது."

இவர் வாசித்தார். "சோக்காக் கிடக்கு" என்றார். அனுப்புவதற்கு எதை அமத்த வேண்டும் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். நான்தான் அமத்தினேன்.